சக்கரமில்லாத ஆம்புலன்ஸ்

ஆடி கடைசி வெள்ளிக்கு சாத்தூரிலிருந்து இருக்கன்குடி கோயிலுக்கு நடந்து வருவோம். கையில் சுமை இல்லாமலே கால் கெஞ்சும். ஆனால் ஆளையே சுமந்து நடந்தவர்கள் உண்டு.

1899. தென்னாப்பிரிக்காவில் போயர் போர். காந்தி ஓர் ஆம்புலன்ஸ் படை திரட்டினார். சுமார் 1,100 பேர். பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகள், தமிழர்களும் உண்டு. அந்த ஆம்புலன்சுக்குச் சக்கரமில்லை. தோள்தான். வெறும் தோள். அடிபட்ட சிப்பாயைச் சுமந்துகொண்டு சில நாள் 30, 40 கிலோமீட்டர் நடந்தார்கள்.

இப்போது 108-ஐக் கூப்பிட்டால் வண்டியே வருகிறது. காசு கிடையாது. ஊர்ப் பெயரோடு அடையாளமும் சொல்லுங்கள்: கோயிலா, டீக்கடையா, பட்டாசு ஆலையா? அடையாளம் முக்கியம். தீக்காயம் என்றால், வண்டி வரும்வரை அதில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். இங்க், பற்பசை எதுவும் தடவ வேண்டாம். தண்ணீர் மட்டும்.