ஓட்ஸ் மூட்டையோடு கல்லூரிக்குப் போனவர்கள்



வானொலி அலைகளை எவரும் உண்டாக்கிப் பார்ப்பதற்கு முன்பே, அப்படிப்பட்ட அலைகள் இருந்தாக வேண்டும் என்று கணக்குப் போட்டே சொன்னவர் ஒருவர் உண்டு. அவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். 1831இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தவர். மின்சாரம், காந்தம், ஒளி மூன்றையும் ஒரே சமன்பாட்டுத் தொகுப்புக்குள் கொண்டுவந்த அவருடைய கட்டுரை 1865இல் வெளியானது. ஜெர்மனியில் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் அந்த அலைகளைச் சோதனைக்கூடத்தில் உண்டாக்கிக் காட்ட 1880களின் பிற்பகுதி ஆகிவிட்டது. அதைப் பார்க்க மாக்ஸ்வெல் உயிரோடு இல்லை. 1879இல், 48 வயதிலேயே காலமாகிவிட்டார். அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரையை எடின்பரோ ராயல் சொசைட்டியில் வேறொருவர்தான் படித்தார். எழுதியவருக்கு அப்போது வயது 14. சபையில் எழுந்து நின்று பேசும் வயதில்லை என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

மாக்ஸ்வெல் பிறந்த ஸ்காட்லாந்தின் இன்றைய மக்கள்தொகை சுமார் 55 லட்சம். சென்னையையும் அதன் புறநகரையும் சேர்த்து எண்ணினால் அதைவிடக் கூடுதலாக வரும். மலையும் சதுப்பும் குளிரும் மிகுந்த அந்த நாட்டில் நல்ல விளைநிலம் குறைவு. ஆனால் அங்கே பிறந்தவர்களின் பட்டியலைப் பாருங்கள். நீராவி எந்திரத்தைச் சீர்படுத்திய ஜேம்ஸ் வாட், பொருளியலுக்கு அடித்தளமிட்ட ஆடம் ஸ்மித், தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல், பென்சிலினைக் கண்ட அலெக்சாண்டர் ஃபிளெமிங், ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில், வெள்ளித்திரையின் முதல் ஜேம்ஸ் பாண்டாக வந்த ஷான் கானரி. இத்தனை பேர் எப்படி ஒரு சின்ன நாட்டிலிருந்து வந்தார்கள்?

மண்ணின் மகிமை என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் பதிலின் பெரும்பகுதி 1696ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் இருக்கிறது. ஒவ்வொரு தேவாலய வட்டாரத்திலும் ஒரு பள்ளிக்கூடம் இருக்க வேண்டும். அதற்கான கட்டடத்தையும் ஆசிரியர் சம்பளத்தையும் அந்த வட்டார நில உடைமையாளர்கள் ஏற்க வேண்டும் என்று ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் விதித்தது. பைபிளை ஒவ்வொருவரும் தாமே வாசிக்க வேண்டும் என்பது அங்கிருந்த சீர்திருத்தத் திருச்சபையின் விருப்பம். வேதம் படிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் அதோடு நிற்கவில்லை, கணக்கையும் லத்தீனையும் தொட்டார்கள். சட்டம் எல்லா இடத்திலும் ஒழுங்காக நடந்தது என்றும் சொல்ல முடியாது. வடக்கு மலைப்பகுதியில் பள்ளி எட்டாத ஊர்கள் நிறைய இருந்தன.

அடுத்த படியும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் என்று இங்கிலாந்தில் இரண்டே பல்கலைக்கழகங்கள் இருந்த காலத்தில், ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ், கிளாஸ்கோ, அபர்டீன், எடின்பரோ என நான்கு நகரங்களில் பல்கலைக்கழகம் நடந்தது. குடியானவர் வீட்டுப் பையன்கள் ஓட்ஸ் மாவு மூட்டையோடு நகரத்துக்கு வந்து, வாடகை அறையில் கஞ்சி காய்ச்சிக் குடித்துப் படித்தார்கள். பருவத்தின் நடுவில் மூட்டை தீர்ந்துவிடும். ஊருக்குப் போய் மாவு கொண்டுவருவதற்காகவே பல்கலைக்கழகங்கள் ஒரு திங்கட்கிழமை விடுமுறை விட்டன. அதற்குப் பெயரே மாவுத் திங்கள்.

பள்ளியும் பட்டறையும் எவ்வளவு நெருங்கி இருந்தன என்பதற்கு வாட்டின் கதையே சாட்சி. 1736இல் கிரீனாக் துறைமுக ஊரில் பிறந்தவர் அவர். நுண்கருவிகள் செய்யும் தொழிலை லண்டனில் ஒரு வருடம் கற்றுக்கொண்டு திரும்பினார். கிளாஸ்கோவில் கடை போட நகரத்துக் கைவினைஞர் சங்கம் அனுமதிக்கவில்லை. ஏழு வருடம் முறைப்படி பயிற்சி பெறாதவருக்கு இடமில்லை என்றது. சங்கத்தின் அதிகாரம் பல்கலைக்கழக வளாகத்துக்குள் செல்லாது. ஆகவே 1757இல் பல்கலைக்கழகமே அவருக்கு உள்ளே ஒரு பட்டறையைக் கொடுத்தது.

அதே வளாகத்தில் அப்போது ஆடம் ஸ்மித் ஒழுக்கவியல் பேராசிரியர். ஜோசப் பிளாக் அங்கே வேதியியல் கற்பித்துவந்தார். நீர் ஆவியாகும்போது வெப்பமானி ஏறாமலே எவ்வளவு வெப்பத்தை விழுங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர் பிளாக். 1763 குளிர்காலத்தில் நியூகோமன் என்பவர் வடிவமைத்த பழைய நீராவி எந்திரத்தின் சிறு மாதிரி ஒன்று பழுதுபார்க்க வாட்டிடம் வந்தது. ஒவ்வோர் இயக்கத்துக்கும் உருளையைச் சூடாக்கிக் குளிர்வித்துத் திரும்பச் சூடாக்குவதிலேயே பெரும்பகுதி நீராவி வீணாவதைக் கண்டார். 1765இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளாஸ்கோ பசும்புல் திடலில் நடந்துகொண்டிருந்தபோது விடை தோன்றியது: நீராவியைக் குளிர்விக்கத் தனியாக ஒரு கலம் வைத்துவிட்டால் உருளை எப்போதும் சூடாகவே இருக்கும். 1769இல் காப்புரிமை கிடைத்தது. பர்மிங்ஹாமைச் சேர்ந்த மாத்யூ போல்ட்டனோடு கூட்டுச் சேர்ந்து செய்த எந்திரங்கள் 1776இல் வேலைக்கு வந்தன. ஸ்மித்தின் ‘நாடுகளின் செல்வம்’ வெளியானதும் அதே 1776இல்தான்.

கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் தந்தை குத்தகை விவசாயி. கையில் காசில்லை. இருந்தும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களோடு சேர்ந்து, ஜான் மர்டாக் என்ற பதினெட்டு வயது இளைஞரைப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக அமர்த்தினார். 1759 ஜனவரி 25இல் அலோவே கிராமத்தில் பிறந்த பர்ன்ஸ், ஏர் ஓட்டிக்கொண்டே வளர்ந்தார். ஸ்காட்லாந்துக் குடியானவர் பேசும் மொழியிலேயே கவிதை எழுதினார். கில்மார்னாக் ஊரில் 1786இல் அச்சான முதல் தொகுப்பு 612 பிரதிகள். ஒரு மாதத்துக்குள் ஏறக்குறைய எல்லாம் விற்றுவிட்டன. அந்த வெற்றி மட்டும் வாய்த்திருக்காவிட்டால் அவர் ஜமைக்காவில் அடிமைகள் உழைத்த ஒரு கரும்புத் தோட்டத்துக்குக் கணக்கராகக் கப்பல் ஏறியிருப்பார். வேலையும் பேசி முடிந்திருந்தது. மனித சமத்துவத்தைப் பாடிய கவிஞரின் வரலாற்றில் இந்தப் பக்கமும் உண்டு. பிறகு கலால் வரி அதிகாரியாக வேலை பார்த்து, 37 வயதில் இறந்தார். புத்தாண்டு நள்ளிரவில் உலகெங்கும் பாடப்படும் ‘ஆல்ட் லாங் சைன்’ அவர் செப்பனிட்டுத் தந்த நாட்டுப்பாடல்.

இந்தப் பள்ளிப் பெருமையெல்லாம் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்குத்தான். பெண்களின் நிலை வேறு.

ஜெட்பரோவில் 1780இல் பிறந்த மேரி சோமர்வில் முறையாகப் பள்ளிக்குப் போனது ஒரே ஒரு வருடம். பெண்கள் பத்திரிகை ஒன்றின் புதிர்ப் பக்கத்தில் முதன்முதலாக இயற்கணிதக் குறிகளைப் பார்த்தார். அது என்னவென்று தேடிப் போனவர், யூக்ளிடின் வடிவியல் நூலை இரவில் ஒளித்துவைத்துப் படித்தார். மகளின் உடம்பு கெட்டுவிடும் என்று பெற்றோர் அறையிலிருந்த மெழுகுவத்தியை எடுத்துப்போகச் சொன்னார்கள். அதன்பின் கணக்குகளை இருட்டில் மனத்துக்குள்ளேயே போட்டுப் பழகினார். பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸின் வானியலைத் தழுவி அவர் 1831இல் வெளியிட்ட நூல் கேம்பிரிட்ஜில் பாடநூலானது. மாணவியாகச் சேர விரும்பியிருந்தால் அங்கே அவருக்கு இடம் கிடைத்திருக்காது.

எடின்பரோவில் மருத்துவம் படிக்க 1869இல் சேர்ந்த பெண்கள் மீது சேற்றை வாரி இறைத்தார்கள் ஆண் மாணவர்கள்; பல்கலைக்கழகம் அவர்களுக்குப் பட்டம் தர மறுத்தது. ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்குக் கதவைத் திறந்தது 1892இல். அதே ஆண்டில் மருத்துவத் தகுதி பெற்றவர் எல்சி இங்கிலிஸ். அவர் பிறந்தது இமயமலை அடிவாரத்து நைனிதாலில். முதல் உலகப் போர் மூண்டதும் பெண் மருத்துவர்களைக் கொண்ட மருத்துவமனைகளை நடத்தித் தர முன்வந்தார். பிரிட்டிஷ் போர்த்துறை வேண்டாமென்று அனுப்பிவிட்டது. பிரான்சும் செர்பியாவும் ஏற்றுக்கொண்டன. செர்பியா தன் உயரிய விருதான வெள்ளைக் கழுகை ஒரு பெண்ணுக்கு முதன்முறையாக அளித்தது இவருக்குத்தான்.

படிப்பு கிடைத்தவர்களுக்கு உள்ளூரில் வேலை கிடைக்கவில்லை என்பது இன்னொரு உண்மை. எந்திரத் தறி வந்து பிழைப்புக் கெட்டுப்போன டன்ஃபர்ம்லின் நெசவாளி ஒருவர் 1848இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அவர் மகன் ஆண்ட்ரூ கார்னகி, பஞ்சாலையில் வாரம் ஒரு டாலர் இருபது சென்ட் கூலிக்குச் சேர்ந்த சிறுவன். 1901இல் அவர் தம் எஃகு நிறுவனத்தை விற்ற விலை 48 கோடி டாலர். சிறுவயதில் ஒரு கனவான் தம் சொந்த நூல்களை உழைக்கும் சிறுவர்களுக்கு இரவல் தந்ததை மறக்காத கார்னகி, உலகம் முழுவதும் 2,509 நூலகங்களுக்குப் பணம் கொடுத்தார். அவருடைய ஹோம்ஸ்டெட் ஆலையில் 1892இல் நடந்த வேலைநிறுத்தம் உயிர்ப்பலியில் முடிந்ததையும் தொழிலாளர்கள் மறக்கவில்லை.

ஒலிபரப்புத் துறைக்கும் இருவரைத் தந்தது இந்த நாடு. தொலைக்காட்சியை 1926 ஜனவரியில் லண்டன் சோஹோவில் விஞ்ஞானிகளுக்கு இயக்கிக் காட்டிய ஜான் லோகி பேர்ட் ஒருவர். பிபிசியை அதன் பிறப்பிலிருந்து வளர்த்த ஜான் ரீத் மற்றவர். இருவரும் கிளாஸ்கோ தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரே காலத்து மாணவர்கள். ரீத்தின் பிபிசி 1937இல் பேர்டின் எந்திரமுறையைக் கைவிட்டுப் போட்டி நிறுவனத்தின் மின்னணு முறையை எடுத்துக்கொண்டது. கல்லூரிப் பழக்கம் உதவவில்லை.

விளையாட்டில் எரிக் லிடெலைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில், தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் தமக்குப் பிடித்த 100 மீட்டரை விட்டுவிட்டு, 400 மீட்டரில் 47.6 விநாடியில் தங்கம் வென்றவர். கால்பந்தில் அலெக்ஸ் ஃபெர்குசன், கோவன் கப்பல் கட்டும் பகுதியில் பிறந்து, கருவிகள் செய்யும் தொழிலாளியாகப் பயின்றவர். மான்செஸ்டர் யுனைட்டெட் அணிக்கு 13 லீக் பட்டங்கள் பெற்றுத் தந்தார்.

கப்பல் ஏறியவர்களில் பலர் நம் பக்கமும் வந்தார்கள். கிளாஸ்கோ புகையிலை வணிகரின் மகன் தாமஸ் மன்றோ, சென்னையின் ஆளுநராகி, உழவரிடமே நேராக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறையை நிலைநாட்டினார். சென்னைத் தீவுத்திடல் அருகே சேணமில்லாத குதிரைமேல் சிலையாக இருப்பவர் அவர்தான். இலங்கையில் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையை வணிகப் பயிராக்கிய ஜேம்ஸ் டெய்லரும் ஸ்காட்லாந்துக்காரர். மலையகத்தில் அந்தப் பயிரைப் பெருக்கிய கைகள் தமிழ்க் கூலித் தொழிலாளர்களுடையவை.

ஸ்டார்னவே என்ற மேற்குக் கரைத் தீவு ஊரிலிருந்து 1783இல் சென்னைக்கு வந்த காலின் மெக்கன்சி, 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனார். ஊர் ஊராக ஏட்டுச் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் கிராம வரலாறுகளையும் திரட்டினார். அவற்றில் ஒரு பகுதி இன்றும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. தென்னிந்திய வரலாறு எழுதுவோர் அதை எடுத்துப் பார்க்காமல் நகர முடியாது. மெக்கன்சிக்கு நம் மொழிகள் சரளமாக வராது. ஊர்க் கணக்குப்பிள்ளைகளிடம் பேசி, சுவடிகளைத் தேடி, ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்த வேலை காவலி வெங்கட போரையா, அவர் தம்பி லட்சுமையா போன்றோருடையது. ஸ்காட்லாந்தின் புகழ்பெற்றோர் வரிசையில் மெக்கன்சியை நிறுத்தும்போது, இந்தச் சகோதரர்களின் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.