சேமிப்பு வட்டியும் வருமான வரியும்



பிழைப்பு நாடி வெளிமாநிலம் வந்த நம்மில் பலருக்கு இங்கொரு சேமிப்புக் கணக்கும், சொந்த ஊரில் மற்றொன்றும் உண்டு. அவற்றின் வட்டியில் வங்கி வரி பிடிப்பதில்லை. ஆதலால் வரியே இல்லையென்று எண்ணிவிடுகிறோம். அது தவறு. எல்லாக் கணக்குகளின் வட்டியையும் கூட்டி நம் வருமானத்தில் காட்டுதல் வேண்டும்.

பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்க்குச் சேமிப்பு வட்டியில் 10,000 ரூபாய் வரை கழிவு உண்டு; 60 வயது நிறைந்தோர்க்கு நிரந்தர வைப்பின் வட்டியும் சேர்த்து 50,000 ரூபாய் வரை. இவ்வரம்பு ஆளுக்கு; கணக்குக்கு அன்று. புதிய முறையில் இக்கழிவு இல்லை.

மறைக்க எண்ணாது மறந்த வட்டிக்கும், பின்னர் அபராத வட்டியோடு வரி செலுத்த நேரலாம். ஆகவே மார்ச்சு முடிந்ததும் ஊர்க் கணக்கின் பாஸ் புத்தகத்தையும் மறவாது வரவழைத்துப் பார்ப்போமாக.