பூனைக்காலிப் பொடியும் பார்க்கின்சன் மாத்திரையும்



"பார்க்கின்சன் வராம மூளையைக் காக்கும் மூலிகை"ன்னு உங்க வாட்ஸ்அப்பிலும் ஒரு செய்தி வந்திருக்கும். பெரும்பாலும் பூனைக்காலி விதைப் பொடியாக இருக்கும். போனிலேயே ஆர்டர் போட்டால் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது.

இது வெறும் புரளி இல்லீங்க. பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபா என்ற பொருளை 1937-இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பிரித்தெடுத்தார்கள். பார்க்கின்சனுக்கு இன்று டாக்டர் எழுதித் தரும் முக்கிய மருந்தே அந்த லெவோடோபாதான். மூளையில் டோபமின் சுரக்கும் செல்கள் அழிவதால்தான் கை நடுங்குகிறது, நடை தயங்குகிறது. குறைந்துபோன டோபமினை இது ஈடுகட்டுகிறது. 2004-இல் வெளியான லண்டன் ஆய்வில் 30 கிராம் பொடி, வழக்கமான மாத்திரையைவிடச் சீக்கிரம் வேலை செய்தது. சோதித்தது 8 பேரிடம்தான், அதையும் மனசில் வையுங்க.

ஆனால் ஈடுகட்டுவது வேறு, காப்பது வேறு. நம்ம பக்கத்துச் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், மூலிகைச் சத்துகளைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். எலியிடம் முடிவுகள் நம்பிக்கை தருகின்றன. மனிதரிடம் செல் அழிவை நிறுத்துவதாக எந்த மூலிகையும் இதுவரை நிரூபணம் ஆகவில்லை. இங்கிலீஷ் மருந்தும் அப்படித்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. 100 கிராம் விதையில் லெவோடோபா சுமார் 4 முதல் 6 கிராம். விதைக்கு விதை மாறும். 5 கிராம் பொடி என்றால் 200 முதல் 300 மில்லிகிராம். மாத்திரை ஒன்றில் பெரும்பாலும் 100 மில்லிகிராம்தான். மாத்திரையில் கார்பிடோபாவும் இருக்கும். லெவோடோபா மூளைக்குப் போகும் முன்பே வீணாகாமல் அது தடுக்கும். மாத்திரை சாப்பிடுகிறவர் பொடியையும் சேர்த்தால், பொடியில் உள்ளதற்கும் அதே உதவி கிடைத்து அளவு எகிறிவிடும். அப்புறம் உடம்பு தன்னால நெளியும், எழுந்தால் தலை சுற்றும், இல்லாத ஆள் எதிரில் நிற்பதுபோலத் தெரியும். "அப்பாவுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு"ன்னு வீட்டில் பயந்துபோவாங்க. பொடி டப்பாவை யாரும் நினைக்க மாட்டாங்க.

பொடியை நம்பி மாத்திரையை ஒரேயடியாக நிறுத்துவது இன்னும் மோசம். கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

டப்பாவின் லேபிளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜிப்மர் நரம்பியல் பிரிவுக்குப் போகும்போது டாக்டரிடம் காட்டுங்கள். வெளியே போக முடியாதவர்கள் இ-சஞ்சீவனி செயலியில் கட்டணமில்லாமல் வீடியோவில் டாக்டரிடம் கேட்கலாம். சித்த மருத்துவரிடம் போனாலும் மாத்திரைச் சீட்டைக் கையோடு எடுத்துக்கிட்டுப் போங்க.