வருகைப் பதிவேடு சொல்லும் செய்தி

(ஊரப்பாக்கத்தில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



ஒரு பெருநகரத்தின் நலத்தை யார் கண்காணிக்கிறார்கள்? காற்றை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளக்கிறது. 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களும் மருத்துவமனைகளும் நோய் விவரங்களை அனுப்புகின்றன. ஆனால் தம்மிடம் வருபவர்களைத்தான் அவை எண்ண முடியும். மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையோடு வீட்டில் படுத்திருக்கும் குழந்தை அந்தக் கணக்கில் வருவதில்லை. நம் வருகைப் பதிவேட்டில் மட்டும் அதற்கு ஓர் இடம் உண்டு.

ஊரப்பாக்கம் சென்னை மாநகராட்சிக்கு வெளியே இருந்தாலும் நகரம் நம்மிடம் வந்துவிட்டது. ஜி.எஸ்.டி. சாலை, புறநகர் ரயில், 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம் எல்லாம் நம் பக்கத்தில். ஒரே வகுப்பில் ஒரு குழந்தை வீட்டில் ஆழ்துளைக் கிணறு, இன்னொரு வீட்டில் லாரித் தண்ணீர், மற்றொரு வீட்டில் கேன் தண்ணீர். எந்தத் தெருவில் வயிற்றுப்போக்கு கூடுகிறது என்பது முதலில் தெரியக்கூடிய இடம் வகுப்பறைதான்.

1854இல் லண்டனில் காலரா பரவியபோது, கெட்ட காற்றே காரணம் என்று பலரும் நம்பினர். மருத்துவர் ஜான் ஸ்னோ இறப்புகளைத் தெருவாரியாக ஆராய்ந்தார். அவை பிராட் தெருவின் ஒரு கைப்பம்பைச் சுற்றியே குவிந்திருந்தன. பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அவர் தொடங்கியது பெயர்ப் பட்டியலிலிருந்து; வரைபடம் பிறகு வந்தது.

எமிஸ் பதிவுகளே போதாதா என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. இதற்கு இணையம் வேண்டாம், ஒரு நோட்டு போதும். வராத குழந்தைக்கு நேரே காரணத்தையும் தெருவையும் எழுதுங்கள்: காய்ச்சலுக்கு 'கா', வயிற்றுப்போக்குக்கு 'வ', மற்றவைக்கு 'வே'. வாரந்தோறும் கூட்டுங்கள். ஒரு பருவம் எழுதினால் உங்கள் பள்ளியின் வழக்கமான எண்ணிக்கை தெரிந்துவிடும். வழக்கம் தெரிந்தால்தான் மாற்றம் கண்ணில் படும். ஒரே தெருவிலிருந்து திடீரென நான்கைந்து 'கா' வந்தால் அன்றே சுகாதார ஆய்வாளருக்குச் சொல்லுங்கள். டெங்குவா, வேறு காய்ச்சலா என்று முடிவு செய்வது மருத்துவர் வேலை. தகவல் சொல்வது நம் வேலை.

பள்ளி வளாகத்தையும் பாருங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், அதாவது பள்ளி நேரத்தில். முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும். அதனால் வாரம் ஒருமுறை தேங்கிய நீரைக் கொட்டினால் சுழற்சி அறுபடும். கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரச் சுவரில் ஒட்டி, காய்ந்தும் பல மாதம் உயிரோடிருக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. நோட்டு ஆசிரியரிடமே இருக்கட்டும். மாணவர் வரையும் தெரு வரைபடத்தில் புள்ளி மட்டும் வரட்டும், பெயர் வேண்டாம். காய்ச்சல் வந்த குழந்தையோ தெருவோ கேலிக்கு ஆளாகிவிட்டால், அடுத்த முறை யாரும் உண்மையான காரணத்தைச் சொல்லமாட்டார்கள். அந்தப் புள்ளிகளே கணக்கில் பட்டை வரைபடமாகவும், சமூக அறிவியலில் நில வரைபடமாகவும் பாடமாகும்.

பதிவேட்டில் 'வரவில்லை' என்று நாம் தினமும் குறிக்கிறோம். 'ஏன்' என்ற ஒரு சொல்லைச் சேர்ப்போம். ஒரு தெருவின் குழந்தைகளுக்குச் சில நாள் முன்னதாகவே உதவி போய்ச் சேரும்.