குலுக்கலில் கைமாறிய தீவு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு சின்னக் கேள்வியோடு தொடங்குகிறேன். 1985ல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தின் நீளம் என்ன? 13.5 கிலோமீட்டர். பெருநிலத்திலிருந்து தீவுக்குப் போகும்போது டோல் கட்டுகிறோம். திரும்பி வரும்போது கட்டணம் இல்லை. கிட்டத்தட்ட இதே நீளத்தில், 12.9 கிலோமீட்டரில், கனடாவின் கிழக்குக் கடலில் ஒரு பாலம் இருக்கிறது. அங்கே கணக்கு தலைகீழ்! தீவுக்குள் போகக் காசு வேண்டாம். தீவை விட்டு வெளியே வரும்போதுதான் கட்ட வேண்டும்.

அந்தத் தீவுதான் பிரின்ஸ் எட்வர்ட் தீவு. கனடாவின் 10 மாநிலங்களில் மிகச் சிறியது.

பயணத் தொடர் ஒன்றுக்காக இந்தத் தீவைப் பற்றி 3 நிமிடக் குறிப்பு எழுதும் வேலை எனக்கு வந்தது. உருளைக்கிழங்கு, சிங்கி இறால், உலகப் புகழ் பெற்ற ஒரு கதைப் புத்தகம், அவ்வளவுதான் என்று நினைத்தேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, இந்தத் தீவின் 250 ஆண்டுக் கதை முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது. நிலம் யாருக்குச் சொந்தம்? அதில் வாழ்கிறவனுக்கா, கடலுக்கு அப்பால் இருக்கிறவனுக்கா? இன்று உங்களோடு பேச வந்தது அதைப் பற்றித்தான்.

சிவந்த மண்

முதலில் இடத்தைப் பார்த்து விடுவோம். பரப்பளவு ஏறக்குறைய 5,660 சதுர கிலோமீட்டர். நம் பினாங்கு மாநிலத்தைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல். ஆனால் மக்கள்தொகை? 2021 கணக்கெடுப்பில் 154,331 பேர். பினாங்கில் 2020 கணக்கெடுப்புப்படி 17 லட்சம் பேர். பத்தில் ஒரு பங்கு கூட இல்லை!

பிறை போல வளைந்த தீவு. இரும்புச் சத்து கலந்திருப்பதால் மண் செக்கச் செவேலென்று இருக்கும். மலை கிடையாது. மிக உயர்ந்த இடமே 142 மீட்டர்தான். பெரிய நதியும் இல்லை. குடிக்கும் தண்ணீர் முழுவதும் நிலத்தடி நீர். அடியில் இருப்பது மென்மையான மணற்பாறை. அதனால் கரையைக் கடல் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று கொண்டிருக்கிறது. குளிர்காலத்தில் சுற்றியுள்ள கடல் உறைந்து பனிக்கட்டியாகி விடும்.

இந்த மண்ணின் ஆதி மக்கள் மிக்மாக் இனத்தவர். அவர்கள் வைத்த பெயர் எபெக்விட்க். நீரின் மேல் கிடப்பது என்று பொருள். 1534ல் ழாக் கார்த்தியே என்ற பிரெஞ்சு மாலுமி இதைக் கண்டார். 1720ல் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறினார்கள். 1758ல் ஆங்கிலேயர்கள் தீவைப் பிடித்து, அங்கு விவசாயம் செய்து கொண்டிருந்த அகாடியர் எனப்படும் பிரெஞ்சு மக்களைக் கப்பலேற்றி நாடு கடத்தினார்கள். அந்த டிசம்பரில் இரண்டு கப்பல்கள் அட்லாண்டிக் கடலில் மூழ்கி நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள்.

ஒரே நாளில் ஒரு தீவு

1763 பாரிஸ் உடன்படிக்கையில் தீவு முறைப்படி பிரிட்டனுக்குப் போனது. சாமுவேல் ஹாலண்ட் என்ற நில அளவையாளர் வந்து, முழுத் தீவையும் 67 துண்டுகளாகப் பிரித்தார். ஒவ்வொன்றும் சுமார் 20,000 ஏக்கர்.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். 1767 ஜூலை 23ஆம் தேதி, லண்டனில், ஏறக்குறைய அத்தனை துண்டுகளையும் ஒரே நாளில் சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கொடுத்து விட்டார்கள்! அரசாங்கத்துக்கு வேண்டிய இராணுவ அதிகாரிகள், அரசியல்வாதிகள், வணிகர்களுக்குப் பரிசு. அவர்களில் பெரும்பாலோர் அந்தத் தீவைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. அங்கே காலங்காலமாக வாழ்ந்த மிக்மாக் மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை.

குலுக்கலுக்கு நிபந்தனைகள் இருந்தன. 200 ஏக்கருக்கு ஒருவர் வீதம் ஆட்களைக் குடியேற்ற வேண்டும், அரசுக்கு வரி செலுத்த வேண்டும். பல முதலாளிகள் இரண்டையும் செய்யவில்லை. அரசும் கண்டும் காணாமல் இருந்தது. ஸ்காட்லாந்து, அயர்லாந்திலிருந்து வந்த ஏழைக் குடும்பங்கள் காட்டை வெட்டி, வேரைப் பிடுங்கி, நிலத்தைப் பண்படுத்தினார்கள். உழைப்பு அவர்களுடையது, வாடகை லண்டனுக்கு! வாடகை கட்டத் தவறினால், தன் கையால் திருத்திய நிலத்திலிருந்தே வெளியேற வேண்டும்.

சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். லண்டனில் முதலாளி, இங்கே உழைப்பு. தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த நம் பெரியவர்களுக்கு இந்தக் கதையை நான் விளக்கத் தேவையில்லை.

விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. 1830களில் வில்லியம் கூப்பர் என்பவர் தலைமையில் ஓர் இயக்கம் எழுந்தது. நிபந்தனையை மீறியவர்களின் நிலத்தை அரசு திரும்ப எடுத்து, உழுகிறவனுக்குக் கொடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. 1838 தேர்தலில் அந்த இயக்கம் சட்டமன்றப் பெரும்பான்மையையே பிடித்தது. ஆனாலும் லண்டன் அசையவில்லை. 1864ல் குத்தகை விவசாயிகள் சங்கம் அமைத்து வாடகை கட்ட மறுத்தார்கள். மறு ஆண்டு ஹாலிஃபாக்ஸ் நகரிலிருந்து சிப்பாய்களை வரவழைத்துத்தான் அவர்களை அடக்க முடிந்தது.

விருந்து வைத்தவர், பந்தியில் உட்காரவில்லை

அதே 1864 செப்டம்பரில்தான் கனடா என்ற கூட்டரசுக்கான முதல் மாநாடு, இந்தத் தீவின் தலைநகர் ஷார்லட்டவுனில் நடந்தது. ஒரு வேடிக்கை சொல்கிறேன். தலைவர்கள் கப்பலில் வந்து சேர்ந்த நேரம், ஊரில் சர்க்கஸ் நடந்து கொண்டிருந்தது! விடுதிகளில் இடமில்லாமல் பல தலைவர்கள் கப்பலிலேயே தங்கினார்கள்.

மாநாடு வெற்றி. 1867ல் கனடா உருவானது. ஆனால் மாநாட்டுக்கு இடம் கொடுத்த இந்தத் தீவு அதில் சேரவில்லை! எங்கள் நிலப் பிரச்சினைக்கு என்ன வழி என்று கேட்டார்கள், திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

பிறகு 1871ல் தீவு சொந்தமாக இரயில் பாதை போடத் தொடங்கியது. கடன் கழுத்தை நெரித்தது. 1873 ஜூலை 1ஆம் தேதி கனடாவில் சேர்ந்தார்கள். சும்மா சேரவில்லை, பேரம் பேசிச் சேர்ந்தார்கள். கடனைக் கனடா ஏற்க வேண்டும். முதலாளிகளிடமிருந்து நிலத்தை வாங்க 8 லட்சம் டாலர் தர வேண்டும். ஆண்டு முழுவதும் பெருநிலத்தோடு நீராவிக் கப்பல் தொடர்பு இருக்க வேண்டும். 1875ல் சட்டம் போட்டு, முதலாளிகளைக் கட்டாயமாக விற்க வைத்தார்கள். குலுக்கல் நடந்து 108 ஆண்டுகள் கழித்து!

ஆனால் மிக்மாக் மக்களுக்கு? 1870ல் லண்டன் சங்கம் ஒன்று லெனாக்ஸ் என்ற குட்டித் தீவை விலைக்கு வாங்கி அவர்களுக்குக் கொடுத்தது. தங்கள் சொந்த மண்ணில் ஒரு துண்டைப் பிறர் விலை கொடுத்து வாங்கித் தர வேண்டியிருந்தது. இந்த வரலாற்றில் இன்னும் ஆறாத காயம் இது.

பட்ட அடியில் பிறந்த சட்டம்

ஒரு முறை சூடுபட்டவர்கள் மறக்கவில்லை. வெளியார் கடற்கரை நிலங்களை வாங்கிக் குவிக்கத் தொடங்கியதும், 1972ல் கட்டுப்பாடு கொண்டு வந்தார்கள். அதை எதிர்த்த வழக்கு கனடா உச்ச நீதிமன்றம் வரை போய், 1975ல் தீவின் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. 1982ல் வந்த நிலப் பாதுகாப்புச் சட்டப்படி, தனி மனிதர் 1,000 ஏக்கருக்கு மேலும், நிறுவனம் 3,000 ஏக்கருக்கு மேலும் வைத்திருக்கக் கூடாது. தீவில் வசிக்காதவர் 5 ஏக்கருக்கு மேல் வாங்க மாநில அமைச்சரவையின் அனுமதி வேண்டும். பல நிறுவனங்களின் பெயரில் நிலம் பிடித்து இந்த வரம்பை ஏய்க்கிறார்கள் என்ற புகார் இன்றும் எழுகிறது. சட்டம் எழுதுவது ஒரு நாள் வேலை, காப்பது தினமும் செய்ய வேண்டிய வேலை.

சோறு போடும் மண்ணும் கடலும்

விவசாயம், மீன்பிடிப்பு, சுற்றுலா ஆகிய மூன்றும்தான் பொருளாதாரத்தின் தூண்கள். கனடாவின் உருளைக்கிழங்கில் பெரும் பங்கு இந்தச் சின்னத் தீவிலிருந்து வருகிறது. மண் களைத்துப் போகாமலிருக்க, ஒரே நிலத்தில் மூன்று ஆண்டுக்கு ஒரு முறைதான் உருளைக்கிழங்கு போடலாம் என்று சட்டமே உண்டு.

ஆனால் ஒரே பயிரை நம்பினால் ஆபத்தும் உண்டு. 2021 இறுதியில் சில வயல்களில் உருளைக்கிழங்கு மரு நோய் தெரிந்தது. சாப்பிடுகிறவருக்குத் தீங்கில்லாத நோய்தான். ஆனாலும் அமெரிக்காவுக்கான ஏற்றுமதி நின்றது. சுமார் 30 கோடி பவுண்டு கிழங்கை, பனி அள்ளும் இயந்திரத்தில் போட்டு நொறுக்கி வயலிலேயே கொட்டினார்கள். விளைவித்தவர் கையாலேயே அழிக்க வேண்டிய நிலை!

கடலில் சிங்கி இறாலும் சிப்பியும். சுற்றுலாவுக்கு ஓர் அநாதைச் சிறுமி காரணம். லூசி மாட் மாண்ட்கோமரி என்ற பெண் எழுத்தாளர் 1908ல் வெளியிட்ட நாவலின் நாயகி ஆன் அவள். 1952ல் அந்த நாவல் ஜப்பானிய மொழிக்குப் போனது. ஜப்பானியர்கள் அவள் வீட்டைப் பார்ப்பதற்காகவே தீவுக்கு வருகிறார்கள். எழுத்துக்கு எவ்வளவு சக்தி பாருங்கள்!

பாலம் வந்த கதை

கப்பல் தொடர்பு வேண்டும் என்று பேரம் பேசினார்கள் அல்லவா? ஏனென்றால் முன்பு குளிர்காலத்தில் தபாலும் பயணிகளும் போனது படகில். பனிக்கட்டி வந்தால் பயணிகளும் இறங்கிப் படகை இழுக்க வேண்டும்! அப்படிப்பட்ட ஊரில், பாலம் வேண்டுமா என்று 1988ல் வாக்கெடுப்பு வைத்தார்கள். ஏறக்குறைய 59 விழுக்காட்டினர் வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் தீவு வாழ்க்கை போய்விடும், பனிக்கட்டி தங்கி இறால் பிடிப்பு கெடும் என்று அஞ்சினார்கள். 1997 மே 31ஆம் தேதி பாலம் திறந்தது. சுற்றுப்பயணிகள் பெருகினார்கள். படகுத் துறையில் வேலை பார்த்த நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். இரண்டும் உண்மை.

டோல் ஏறிக் கொண்டே போய், காருக்கு 50 டாலரைத் தாண்டியது. 2025 ஆகஸ்டில்தான் கூட்டரசு அதை 20 டாலராகக் குறைத்தது. தலைநகரிலிருந்து தொலைவில் இருப்பவர்கள் குரல் கொடுக்காமல் எதுவும் தானாக வராது.

இப்போது இந்த மண்ணுக்கு வேறோர் உரிமையாளர் கிளம்பியிருக்கிறார். கடல்! 2022 செப்டம்பரில் அடித்த ஃபியோனா புயலில், கரையோர மணல்மேடுகளில் பல காணாமல் போயின. தேநீர்க் கோப்பை போல் கடலோரம் நின்ற பிரபலமான பாறையும் ஒரே இரவில் போய்விட்டது. லண்டன் முதலாளியிடம் நிலத்தை மீட்க முடிந்தது. கடலிடம் மீட்க எந்தச் சட்டமும் இல்லை.

அன்பு நேயர்களே, ஒரு குலுக்கலில் முழுத் தீவையும் இழந்தவர்கள் அதைத் துண்டு துண்டாக மீட்க ஒரு நூற்றாண்டு ஆனது. மீட்ட பிறகும் அயர்ந்து தூங்கவில்லை. அடுத்த முறை பினாங்குப் பாலத்தில் டோல் கட்டும்போது, தூரத்தில் இருக்கும் அந்தச் செம்மண் தீவையும் ஒரு நிமிடம் நினைத்துக் கொள்ளுங்கள். உங்கள் குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம் இருந்தால், அது வந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.