மலைக்குப் போகும் பையில் என்ன இருக்க வேண்டும்?

(நம் நலச் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில், சதுரகிரிப் பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்களுக்காக நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



செயலாளர் என்னைப் பேசச் சொன்னபோது முதலில் மறுத்துவிட்டேன். போன வருடம் நாம் சதுரகிரிக்குப் போனபோது சாப்பாட்டுப் பட்டியல் போட்டது நான்தான். அது எப்படி முடிந்தது என்று வந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் தப்புப் பண்ணியவனே எழுந்து சொன்னால்தான் மற்றவர்களுக்குப் புரியும் என்று செயலாளர் சொன்னார். அதனால் நிற்கிறேன்.

வராதவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். அன்று எங்கள் பைகளில் புளியோதரை, தயிர்சாதம், இட்லி, பொடி, இரண்டு சீப்பு வாழைப்பழம், அத்தனையும் எவர்சில்வர் டப்பாவில். தாணிப்பாறை அடிவாரத்திலேயே பை தோளை அறுத்தது. கனம் தாங்காமல் ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டிலை வேனிலேயே வைத்துவிட்டு ஏறினோம். சாப்பாட்டை வைக்க மனசு வரவில்லை, தண்ணீரை வைத்தோம்! மத்தியானம் டப்பாவைத் திறந்தால் தயிர்சாதம் புளித்துக் கிடந்தது. இறங்கும்போது நம்மில் ஒருவருக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, தலைசுற்றி, பாறையில் உட்கார்ந்துவிட்டார். முகம் தெரியாத பக்தர்கள் கொடுத்த தண்ணீரும் உப்பும்தான் அவரை எழுப்பின. அவர் இன்று முன்வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார். அன்று யாரும் சிரிக்கவில்லை.

இதில் எனக்குக் கூடுதல் வெட்கம் ஒன்று உண்டு. என் சொந்த ஊர் பாலவனத்தம். மதுரையில் 1901-இல் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவரின் ஜமீன் ஊர் என்றால் உங்களுக்குத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டுக்கும் ஜமீனுக்கும் சம்பந்தமில்லை. என் தாத்தா ஆட்டுக்கிடை போட்டவர். அறுவடை முடிந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வைகைப் பாசன வயல்களுக்குப் போய்விடுவார். ராத்திரி ஆட்டை வயலில் அடைத்தால் நிலத்துக்கு உரம். அதற்குக் கூலியாக நெல். மாதக்கணக்கில் வெட்டவெளியில் படுக்கை. இன்று நாம் காசு கொடுத்துக் கூடாரம் போடுகிறோமே, அதை அவர் பிழைப்பாகச் செய்தார்.

அவர் பையில் நான் பார்த்தது கம்பு, வறுத்த மாவு, கருப்பட்டி, உப்பு, காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம். அவ்வளவுதான். ஒருநாள் கேட்டேன். "சோத்தச் சுமக்கக் கூடாதுடா, தானியத்தச் சுமக்கணும். தண்ணி போற எடத்துல கெடக்கும்" என்றார்.

இந்த ஒரு வார்த்தையில் முழுக் கணக்கும் இருக்கிறது. நூறு கிராம் அரிசியை வடித்தால் ஏறக்குறைய முந்நூறு கிராம் சோறு. கூடுதலாக வந்த இருநூறு கிராமும் தண்ணீர். இட்லியும் அப்படித்தான், வாழைப்பழமும் அப்படித்தான். நாம் மலைமேல் தூக்கிப் போனதில் பெரும்பகுதி, குடிக்க முடியாத தண்ணீர்!

இன்னொரு விதமாகப் பாருங்கள். நூறு கிராம் வெறும் சோற்றில் சுமார் 130 கலோரி. அவலில் 350, பொரிகடலையில் 370, கடலைமிட்டாயில் 500-ஐ ஒட்டி, வறுத்த வேர்க்கடலையில் 570. முதுகில் ஏறும் கனம் ஒன்றுதான். கிடைக்கும் தெம்பு நாலு மடங்கு வரை வித்தியாசப்படுகிறது.

நம் திட்டம் இதுதான். முதல் நாள் ராத்திரி வத்திராயிருப்புப் பக்கம் தோப்பில் தங்கல். அங்கே வேன் நிற்கும், அடுப்பு உண்டு. சுடுசோறு ரசம் எல்லாம் அங்கேயே வைத்துக்கொள்வோம். மறுநாள் காலையில் ஏறி, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம், 2021-இல் அறிவித்தார்கள். தீப்பெட்டி, பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது, அடிவாரத்தில் பையைச் சோதிப்பார்கள். ஆகவே நூடுல்ஸ் எடை குறைவு என்று யாரும் வாங்க வேண்டாம். தீ இல்லாமல் அது உதவாது. மேலே ஏதாவது கிடைக்கும் என்று நம்பியும் வர வேண்டாம்.

ஏறும் நாளுக்கு ஒரு ஆளுக்கான பட்டியல் இது. எழுதிக்கொள்ளுங்கள்.

அவல் 100 கிராம்
கருப்பட்டி, தட்டியது 30 கிராம்
கடலைமிட்டாய் 100 கிராம்
பொரிகடலை 50 கிராம்
வறுத்த வேர்க்கடலை 50 கிராம்
பொருவிளங்காய் உருண்டை இரண்டு, சுமார் 80 கிராம்
பேரீச்சம்பழம் 50 கிராம்

மொத்தம் 460 கிராம். கலோரி சுமார் 1,900. இதே தெம்பு வெறும் சோற்றில் வேண்டுமென்றால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ தூக்க வேண்டும், டப்பா கனம் தனி. மிச்சமாவது ஒரு கிலோ.

அந்த ஒரு கிலோவை என்ன செய்வது? இங்கேதான் தாத்தா சொன்னதில் ஒரு திருத்தம். அவர் போன இடத்தில் கிணறும் கண்மாயும் இருந்தன. நமக்கு ஓடையை நம்ப முடியாது. கோடையில் வறண்டு கிடக்கும், ஓடினாலும் அப்படியே குடிக்கக் கூடாது. தவிர, காய்ந்த பண்டம் வயிற்றுக்குள் போனதும் தண்ணீர் கேட்கும். அதனால் சாப்பாட்டில் மிச்சமான ஒரு கிலோவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கூடுதலாக எடுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டருக்குக் குறையக் கூடாது. திரும்பத் திரும்ப நிரப்பும் எவர்சில்வர் பாட்டிலாக இருக்கட்டும்.

வேர்வையில் உப்பும் போகிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இதை வீட்டிலேயே அளந்து காகிதப் பொட்டலமாகக் கட்டிக்கொள்ளுங்கள். மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலம் என்றால் அதில் போட்டிருக்கும் அளவுப்படிதான் கரைக்க வேண்டும். போன வருடம் இது ஒன்று இருந்திருந்தால் அந்தப் பாறையில் அரைமணி நேரம் தவித்திருக்க மாட்டோம்.

சாத்தூர் சேவு கேட்கிறார்கள். ஒரு கைப்பிடி போதும், காரம் தாகத்தைக் கூட்டும். பால்கோவா? அது வெயில் தாங்காது. திரும்பி வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிக்கொள்வோம். பாரத்தை வேன் சுமக்கட்டும்.

உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். முக்கால் மணிக்கு ஒருதரம் இரண்டு வாய், நாலு மடக்குத் தண்ணீர். நிற்கும் இடத்தில் அவலை நனைத்துக் கருப்பட்டி கலந்தால் பத்து நிமிடத்தில் சாப்பாடு. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் இந்தப் பட்டியலை அப்படியே எடுக்காதீர்கள். உங்கள் டாக்டரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்.

பண்டங்களைத் துணிப்பையில் கட்டி, பெரிய பைக்குள் வையுங்கள். கையில் தொங்கினால் குரங்கு விடாது. மிச்சத்தைக் காட்டில் போடாமல் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு காலை சங்க அலுவலகத்தில் தராசு இருக்கும். பையை நிரப்பி எடுத்து வாருங்கள், நிறுத்துப் பார்ப்போம். முதலில் என் பையைத்தான் வைக்கப் போகிறேன். அதில் எவர்சில்வர் டப்பா தென்பட்டால் யார் வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளலாம். தண்ணீர் பாட்டிலில் மட்டும் கை வைக்காதீர்கள்.