இலையுதிர்ந்த கொன்றை பட்டமரம் அன்று



வீட்டின் முற்றத்தில் அழகுக்காக ஒரு மரம் வளர்க்க விரும்புவோருக்குச் சரக்கொன்றையை நான் பரிந்துரைப்பேன். நம் முன்னோர் பிறந்த மண்ணுக்கு உரிய மரம் அது. அண்டை நாடாகிய தாய்லாந்து 2001ஆம் ஆண்டில் அதன் பூவைத் தேசிய மலராக அறிவித்தது.

பினாங்கு போன்ற வடபகுதிகளில் ஆண்டின் தொடக்கத்தில் வறட்சி நிலவும். அப்பொழுது கொன்றை தன் இலைகளை உதிர்த்துவிடும். பின்னர் ஓரடி நீளத்திற்கும் மேலான பொன்னிறப் பூங்கொத்துகள் கிளையெங்கும் தொங்கும். இதனை அறியாமையால் நேர்ந்த ஓர் இழப்பைக் கூறுகிறேன். நான் ஆசிரியராகப் பணியாற்றிய ஒரு பள்ளியின் முற்றத்தில் கொன்றை மரம் ஒன்று மாசி மாதத்தில் மொட்டையாக நின்றது. பட்டுவிட்டது என்று எண்ணி அதனை வெட்டினோம். வெட்டிய அடிமரத்தில் ஈரம் கசிந்தது. அவ்வாண்டு அது பூத்திருக்கும்.

ஆண்டுதோறும் பால்மரம் இலையுதிர்ப்பதையும், பால் குறைவதையும், மீண்டும் தளிர்ப்பதையும் நீங்கள் அறிவீர்கள். அப்பொழுது அதனைப் பட்டமரம் என்று எவரும் கோடரியால் வெட்டுவதில்லை. கொன்றைக்கும் அந்தப் பொறுமையே வேண்டும். ஐயம் எழுந்தால் சிறு கிளையின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை நிறம் தெரிந்தால் மரம் உயிருடன் இருக்கிறது. பட்டையின் இயல்பறிந்த உங்கள் கைகளுக்கு இது எளிது.

வளர்க்கும் முறையும் கடினமன்று. விதையின் ஓடு மிகக் கெட்டியானது. ஆகவே, அதன் ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். நீர் தேங்காத, வெயில் நன்கு படும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வீட்டிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் இருபதடியேனும் தள்ளி நடுங்கள். தண்ணீர்மலை அடிவாரத்தில் 1884ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தாவரப் பூங்காவிற்குச் சென்றால், பெருமரங்கள் தமக்குரிய இடைவெளியில் கிளை விரித்து நிற்பதைக் காணலாம். கன்றாக இருக்கும்பொழுது வறட்சியில் நீரூற்றி, அடியில் சருகு பரப்புங்கள். பூப்பதற்குச் சில ஆண்டுகள் ஆகும். அதன் காய்களைக் குழந்தைகள் உண்ணாதவாறு காத்துக்கொள்ளுங்கள். அவை வயிற்றுப்போக்கை உண்டாக்கும்.

உங்கள் முற்றத்திலோ பள்ளி வளாகத்திலோ கொன்றை மரம் ஒன்று இலையற்று நின்றால், கோடரியை எடுக்குமுன் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் மழை வரும்வரை காத்திருங்கள்.